பெயர் எழுதாத லீடர்: மாணவர் பொறுப்பு ஏற்கும் புதிய ஆசிரியருக்கு

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே ஹெச்.எம். அறையில் பொறுப்புகளைப் பிரித்துவிடுவார்கள். எமிஸ் (பள்ளி விவரங்களை ஏற்றும் இணையதளம்) ஒருவருக்கு, சத்துணவு ஒருவருக்கு, நூலகம் ஒருவருக்கு. கடைசியில் மிஞ்சும் 'மாணவர் பொறுப்பு, விழாக்கள்' பெரும்பாலும் புதிதாக வந்தவர் தலையில் விழும். தமிழ்நாட்டு அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் அப்படி அந்தப் பொறுப்பு உங்களிடம் வந்திருந்தால், எங்கே தொடங்குவது, என்னென்ன தவறிப்போகும் என்பதற்காக இது. ஆறு முதல் பத்து வரை, முந்நூறு பிள்ளைகள், வகுப்புக்கு நாற்பது பேர் என்று வைத்துக்கொண்டு கணக்குகள் சொல்லப்பட்டுள்ளன. உங்கள் பள்ளிக்கு ஏற்றபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: கரும்பலகை மூலையை அழியுங்கள்

எந்த வகுப்புக்குள் போனாலும் கரும்பலகையின் வலது மூலையில் ஒரு பட்டியல் இருக்கும். 'பேசியவர்கள்' என்று தலைப்பு, கீழே ஏழெட்டுப் பெயர்கள், சில பெயர்களுக்குப் பக்கத்தில் பெருக்கல் குறிகள். ஆசிரியர் வராத பீரியடில் லீடர் எழுதியது. இதை நிறுத்தாமல் நீங்கள் தொடங்கும் வேறெந்த வேலையும் நிலைக்காது.

காரணம் எளிது. பெயர் எழுதும் அதிகாரம் கையில் வந்த பிள்ளை அந்த நொடியே வகுப்புக்கு வெளியே போய்விடுகிறது. வேண்டியவன் பெயர் விட்டுப்போகும், பிடிக்காதவன் பெயருக்கு நான்கு பெருக்கல் குறி விழும். பெயரை அழிக்கப் பேனாவும் க்ரீம் பிஸ்கட்டும் கைமாறும். சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் லீடருக்கு அடி விழும். இவற்றையெல்லாம் விடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. வகுப்பில் ஒரு பிள்ளை இரண்டு நாளாகச் சாப்பிடாமல் வருகிறது என்று உங்களிடம் சொல்லக்கூடிய ஒரே ஆள் லீடர்தான். அந்த ஆளைப் போலீஸ்காரராக்கிவிட்டால் யாரும் அவரிடம் எதையும் சொல்லமாட்டார்கள்.

எல்லா வகுப்பாசிரியர்களிடமும் பேசி, இனிமேல் லீடர் பெயர் எழுதமாட்டார், பிரம்பைத் தூக்கிக்கொண்டு போகமாட்டார், பணம் வசூலிக்கமாட்டார் என்று முடிவு செய்யுங்கள். சிலர் "அப்புறம் கிளாஸ் எப்படி அமைதியா இருக்கும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆசிரியர் இல்லாத பீரியடுக்கு ஒரு வேலை இருந்தால் சத்தம் பாதியாகிவிடும். வகுப்புக்கு ஒரு பெட்டியில் இருபது நூலகப் புத்தகங்களும் பத்து கணக்குத் தாள்களும் போட்டு அலமாரியில் வையுங்கள். முழு அமைதி வராது. வராவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப்போகாது.

லீடர் தினமும் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

பெயர் எழுதுவதற்குப் பதிலாக லீடருக்கு ஒரு 40 பக்க நோட்டு கொடுங்கள். முதல் மணிக்கு முன் மூன்று வரி எழுதினால் போதும்: யார் வரவில்லை, யார் சாப்பிடவில்லை, எது உடைந்திருக்கிறது.

யார் வரவில்லை என்பது வருகைப் பதிவேட்டிலேயே இருக்கிறதே என்று தோன்றும். பதிவேடு எண்ணிக்கை சொல்லும், காரணம் சொல்லாது. லீடருக்குக் காரணம் தெரியும். தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் வகுப்பாசிரியர் வீட்டுக்குப் போன் செய்யட்டும். அதைவிட முக்கியம், விட்டுவிட்டு வராத நாட்களைக் கவனிப்பது. ஒவ்வொரு சந்தை நாளும் ஒரு பையன் வரவில்லை என்றால் எங்கோ மூட்டை தூக்குகிறான். ஒரு பெண் பிள்ளை மாதந்தோறும் மூன்று நான்கு நாள் வருவதில்லை என்றால் பள்ளிக் கழிப்பறையை முதலில் போய்ப் பாருங்கள். தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, மூடி போட்ட குப்பைத் தொட்டி உள்ளேயே இருக்கிறதா? நாப்கின் எந்த டீச்சரிடம் இருக்கிறது என்பது எல்லாப் பெண்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதைக் கேட்க ஸ்டாஃப் ரூம் வாசலில் நாலு சார்கள் முன்னால் நிற்க வேண்டியிருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி முகூர்த்த மாதங்களில் திடீரென்று நின்றுவிட்டால், "பாட்டி வீட்டுக்குப் போயிருக்கா" என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள். 18 வயது நிறையாத பெண்ணுக்குத் திருமணம் செய்வது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098க்கு ஒரு போன் போதும், உங்கள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது கேள்வியைப் பலர் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. அது 1 முதல் 5ஆம் வகுப்பு வரைக்குமானது. சத்துணவு பத்தாம் வகுப்பு வரை உண்டு, ஆனால் அது மதியம். அதாவது ஐந்தாம் வகுப்பு வரை காலையில் பொங்கலோ உப்புமாவோ சாப்பிட்டுவிட்டுப் பாடம் கேட்ட பிள்ளை, ஆறாம் வகுப்புக்கு வந்ததும் வெறும் வயிற்றோடு மதியம் வரை உட்கார்கிறது. அம்மாவும் அப்பாவும் விடிவதற்கு முன்பே வேலைக்குக் கிளம்பும் வீடுகளில் இதுதான் நிலைமை. ப்ரேயரில் மயங்கி விழும் பிள்ளைகளில் பலர் ஆறாம் வகுப்பாக இருப்பது தற்செயல் இல்லை.

இதற்கு உடனே செய்யக்கூடியது: ப்ரேயரை 15 நிமிடத்துக்குள் முடியுங்கள், மர நிழலுக்கோ கட்டட நிழலுக்கோ மாற்றுங்கள். ஸ்டாஃப் ரூமில் ஒரு டப்பா கடலை மிட்டாய் வையுங்கள். லீடர் அந்தப் பிள்ளையை எல்லார் முன்னாலும் கூப்பிடக் கூடாது. "டீச்சர் சாக்பீஸ் எடுத்துட்டு வரச் சொன்னாங்க" என்று ஏதாவது வேலை சொல்லி அனுப்பினால் போதும். மிட்டாயை டீச்சர் கொடுத்துவிடுவார். எத்தனை பிள்ளைகள் என்று ஒரு மாதம் எண்ணிவைத்து, அந்த எண்ணோடு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசுங்கள். எண் இல்லாமல் பேசினால் "எல்லாரும் வீட்டுல சாப்பிட்டுத்தான் வர்றாங்க" என்று முடிந்துவிடும்.

மூன்றாவது கேள்விக்கு விளக்கம் வேண்டாம். உடைந்த ஃபேன், ஆடும் பெஞ்சு, ஒழுகும் குழாய். எழுதியதில் ஒன்றையாவது அந்த வாரமே சரிசெய்து காட்டினால்தான் நோட்டு அடுத்த வாரமும் எழுதப்படும்.

தேர்தல்

முதல் ரேங்க் எடுப்பவரையோ வகுப்பிலேயே உயரமானவரையோ லீடராக்குவது வழக்கம். அதை விட்டுவிட்டு வாக்குச்சீட்டு வையுங்கள். ஒரு ஏ4 தாளை நான்கு முறை மடித்துக் கிழித்தால் 16 சீட்டு. நாற்பது பேருக்கு மூன்று தாள் போதும். சீட்டில் இரண்டு பெயர், ஒரு பையன், ஒரு பெண். போட்டியிடுபவர்கள் முந்தைய நாள் ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசட்டும். 'நான் என்ன செய்வேன்' என்று மட்டும் பேச வேண்டும், அடுத்தவரைப் பற்றி அல்ல. சீட்டுகளை எல்லார் முன்னாலும் பிரித்து, கோடு போட்டு எண்ணுங்கள். தோற்றவருக்கு எத்தனை வாக்கு என்று மட்டும் கரும்பலகையில் விட்டுவைக்காதீர்கள். ஒரே ஒரு வாக்கு வாங்கிய பிள்ளைக்கு அந்த எண் பத்தாவது முடியும் வரை கூடவே வரும்.

ஒரு பருவத்துக்கு ஒருமுறை லீடரை மாற்றுங்கள். அப்போதுதான் பருவத்துக்கு இருவராக, ஆண்டுக்கு ஆறு பேருக்கு வாய்ப்பு கிடைக்கும், பதவி ஒருவர் தலைக்கு ஏறாது.

வாக்கு சாதிவாரியாக விழுகிறதா என்று கவனிக்க வேண்டியது உங்கள் கடமை. கசப்பாக இருந்தாலும் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் உடன் படித்தவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைக்கப்பட்டது. 2024 ஜூனில் அது அறிக்கை அளித்தது. மாணவர்கள் சாதி அடையாளமாகக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகள் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. ஆனால் கயிற்றை அறுப்பது கடைசி வேலை. அதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டியவை வகுப்புக்குள் இருக்கின்றன. உதவித்தொகைக்காக "எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்திருங்க" என்று கூப்பிடும் பழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. அந்தப் பட்டியலை எழுத்தர் அறையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு முடியுங்கள். பெஞ்சில் உட்காரும் இடத்தை வாரம் ஒருமுறை மாற்றுங்கள். ஒரே தெருப் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் ஆண்டு முழுக்க உட்காரும் வகுப்பில் தேர்தல் எப்படி முடியும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

ஐந்து திணை, ஐந்து டப்பா

அரசுப் பள்ளிகளில் மகிழ் முற்றம் என்ற பெயரில் குழு முறை 2024 நவம்பரில் தொடங்கப்பட்டது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்கள். பெயர்கள் அருமையானவை, பிள்ளைகளுக்கும் பிடிக்கிறது. பிரிக்கும் விதத்தில்தான் கோளாறு வரும். 6-ஏ குறிஞ்சி, 6-பி முல்லை என்று பிரித்தால் அது வெறும் வகுப்புச் சண்டை. பெயர்ப்பட்டியலை ஐந்தாகக் கத்தரித்தால் நண்பர்கள் ஒரே பக்கம் சேர்ந்துவிடுவார்கள்.

குலுக்கல்தான் சரி. வகுப்பில் இருபது பையன், இருபது பெண் என்றால் இரண்டு டப்பா எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு திணைக்கு நான்கு சீட்டு வீதம் இருபது சீட்டு போடுங்கள். பிள்ளையே எடுக்கட்டும். "மாத்திக்கலாமா சார்?" என்று அன்று மதியமே வருவார்கள். ஒருவருக்கு மாற்றினாலும் குலுக்கலுக்கு மதிப்பில்லை. மாற்றுத்திறன் கொண்ட பிள்ளையைக் குழு ஒதுக்குகிறதா என்று பாருங்கள், மதிப்பெண் ஓட்டத்துக்கு மட்டும் என்றால் ஒதுக்கத்தான் செய்யும். எனவே வருகை, நூலகப் புத்தகம் வாசிப்பது, வளாகத் தூய்மை, மரக்கன்றுக்குத் தண்ணீர் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் வையுங்கள். தவறுக்காக மதிப்பெண் குறைப்பது மட்டும் வேண்டாம். ஒருவன் தாமதமாக வந்ததற்கு அறுபது பேரின் மதிப்பெண் குறைந்தால், அந்த ஒருவனை அறுபது பேரும் சேர்ந்து தண்டிப்பார்கள்.

மாணவர் மனசு பெட்டி

பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போடும் இந்தப் பெட்டி அநேகமாக உங்கள் பள்ளியில் ஏற்கெனவே இருக்கும், ஹெச்.எம். அறை வாசலில், தூசி படிந்து. அங்கிருந்து முதலில் எடுங்கள். யார் போடுகிறார்கள் என்று பத்துப் பேருக்குத் தெரியும் இடத்தில் யாரும் எதுவும் போடமாட்டார்கள். படிக்கட்டுத் திருப்பத்திலோ குடிதண்ணீர்த் தொட்டிக்குப் போகும் வழியிலோ, சிசிடிவி பார்வைக்கு வெளியே, ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் கை எட்டும் உயரத்தில் மாட்டுங்கள். பூட்டுச் சாவி இருவரிடம் இருக்கட்டும், அதில் ஒருவர் பெண் ஆசிரியர். வெள்ளிக்கிழமைதோறும் இருவருமாகத் திறந்து, ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள்.

முதல் மாதம் மிட்டாய்க் காகிதமும், சினிமாப் பாட்டு வரியும், ஒரு டீச்சர் மேல் கிண்டலும்தான் வரும். இது பெட்டியைச் சோதிக்கிற காலம். 'இது யார் கையெழுத்து?' என்று ஒருமுறை கேட்டுவிட்டால் பெட்டி அன்றோடு செத்தது. கிண்டலை ஓரமாக வைத்துவிட்டு, வந்ததில் செய்யக்கூடிய ஒன்றை மூன்று நாளில் செய்து அறிவிப்புப் பலகையில் எழுதுங்கள்: 'பெண்கள் கழிப்பறை இரண்டாவது கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாயிற்று.' இந்த ஒரு வரி பத்து சொற்பொழிவுக்குச் சமம். இரண்டாவது மாதத்திலிருந்து உண்மையான சீட்டுகள் வரத் தொடங்கும். ஆசிரியரைப் பற்றிய புகாராக இருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்க வேண்டிய மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவிடம் அது போக வேண்டும், ஸ்டாஃப் ரூமுக்குள் சுற்றக் கூடாது.

ஒரு பிள்ளை சொல்ல வரும்போது

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

பிள்ளைகள் நேராகச் சொல்வதில்லை. மணி அடித்த பிறகும் பையை அடுக்கிக்கொண்டே நிற்கும். "மிஸ், என் ஃப்ரெண்டுக்கு ஒரு பிரச்சினை" என்று தொடங்கும். அப்போது "நாளைக்குப் பேசலாம்மா" என்று சொல்லிவிடாதீர்கள், நாளை வராது. கதவு திறந்திருக்கும், ஆனால் பேச்சு வெளியே கேட்காத இடத்தில் பக்கத்தில் உட்காருங்கள், எதிரே மேசை போட்டு அல்ல. 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று சத்தியம் செய்யாதீர்கள். உங்களால் அதைக் காப்பாற்ற முடியாது. "உனக்கு உதவக்கூடியவங்க கிட்ட மட்டும் சொல்லுவேன்" என்பதுதான் உண்மை. 'ஏன் அங்கே போனாய்', 'ஏன் முன்னாடியே சொல்லல' என்ற இரண்டு கேள்விகளும் வாயில் வரவே கூடாது. பிள்ளை சொன்னதை, சொன்ன சொற்களிலேயே, அன்றே எழுதிவையுங்கள்.

பாலியல் துன்புறுத்தல் என்றால், 2012ஆம் ஆண்டு போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும்) சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். தெரிவிக்காவிட்டால் 21ஆம் பிரிவுப்படி ஆறு மாதம் வரை சிறை. பள்ளியில் தவறு நடக்கும் இடம் இதுதான்: முதலில் நாமே விசாரிப்போம், பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசி முடிப்போம், பள்ளிப் பெயர் கெடும் என்பார்கள். பிள்ளையை ஐந்து பேர் முன் ஐந்து முறை சொல்லவைப்பது இன்னொரு கொடுமை. விசாரணை உங்கள் வேலை இல்லை. 1098 இரவும் பகலும் இயங்குகிறது. பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417ஐயும் வகுப்பு வாசல்களில் பெரிதாக எழுதிவையுங்கள்.

"செத்துடலாம்னு இருக்கு" என்று ஒரு பிள்ளை சொன்னாலோ எழுதினாலோ, விளையாட்டுக்குச் சொல்கிறது என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, ஏற்கெனவே இருப்பது வெளியே வரும். பெற்றோர் வரும் வரை அந்தப் பிள்ளையைக் கழிப்பறைக்குக்கூடத் தனியாக அனுப்பாதீர்கள். 14416 மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். அரசின் மருத்துவ உதவி எண் 104ம் உண்டு. பெற்றோரிடம் ஒப்படைக்கும்போது, வீட்டில் பூச்சிமருந்து, மாத்திரை போன்றவற்றைப் பூட்டிவைக்கச் சொல்லுங்கள். கிராமத்தில் இந்த ஒரு சொல் உயிர் காக்கும். மறுநாள் காலை வகுப்புக்கு வந்ததும் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள், கூட்டத்தில் எதுவும் கேட்காதீர்கள்.

விழாக்களும் விளையாட்டும்

ஜூலை 15 காமராசர் பிறந்தநாள், கல்வி வளர்ச்சி நாள். ஆகஸ்டில் சுதந்திர தினம், நவம்பர் 14 குழந்தைகள் தினம், நடுவில் காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகள். கலைத் திருவிழா பள்ளியில் தொடங்கி வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று போகும். இந்த நாட்களை ஜூனிலேயே ஒரு பெரிய தாளில் எழுதி ஒட்டுங்கள். தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரத்தில் ஒத்திகை எதுவும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்புக்கு தேசிய வருவாய்வழி மற்றும் தகுதிப் படிப்புதவித் தேர்வின் விண்ணப்ப நாளையும் அதே தாளில் குறியுங்கள். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய்.

கலைத் திருவிழாவில் எப்போதும் நடக்கும் குறை, அதே ஆறு பிள்ளைகள் பேச்சு, பாட்டு, நாடகம், ஓவியம் எல்லாவற்றிலும் நிற்பது. ஒருவருக்கு இரண்டு போட்டிதான் என்று விதி வையுங்கள். பரிசு ஒன்றிரண்டு குறையலாம், பரவாயில்லை. நடனத்துக்கு வாடகை உடை என்று பிள்ளைகளிடம் பணம் கேட்கக் கூடாது. கேட்டால் தராதவர் போட்டியிலிருந்து தானாக விலகுவார், காரணம் சொல்லமாட்டார்.

விளையாட்டு விழாவுக்கு பி.டி. சார் இருக்கிறார் என்று ஒதுங்கிவிடாதீர்கள். காலை 7.30க்குத் தொடங்கி வெயில் ஏறும் முன் 10.30க்கு முடியுங்கள். சிறப்பு விருந்தினருக்காகப் பிள்ளைகள் வெயிலில் காத்திருக்கும் ஒரு மணி நேரத்தில்தான் மயக்கங்கள் நடக்கின்றன. அவர் பரிசளிப்புக்கு வந்தால் போதும். கோடு போடச் சுட்ட சுண்ணாம்புப் பொடி வேண்டாம், விழுந்தவர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கோலமாவு போதும். தண்ணீர் ஒருவருக்கு ஒரு லிட்டராவது வேண்டும். முந்நூறு பேருக்கு 20 லிட்டர் கேன் 15 என்று கணக்கு சொல்லும், 20 வாங்கிவையுங்கள், சிந்துவதும் கை கழுவுவதும் உண்டு. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றை ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கிக் கொடுப்பது நல்லதல்ல, உப்பு அளவுக்கு மீறிவிடும்.

கயிறு இழுக்கும் போட்டி பார்க்க எளிது, ஆபத்து அதில்தான் அதிகம். நைலான் கயிறு கூடாது, கை தோலை உரித்துவிடும், அறுந்தால் சவுக்குபோலத் திரும்பி அடிக்கும். கனமான தேங்காய்நார் அல்லது மணிலாக் கயிறு எடுங்கள். பக்கத்துக்கு எட்டுப் பேர், ஏறத்தாழ ஒரே எடை. யாரும் கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்ளக் கூடாது. கடைசியில் நிற்பவர் சுற்றிக்கொள்வதுதான் வழக்கம், அங்கே ஓர் ஆசிரியர் நிற்கட்டும். வென்றவர்கள் மகிழ்ச்சியில் கயிற்றைச் சட்டென விட்டால் தோற்ற பக்கம் முழுவதும் மல்லாந்து விழும். விசில் அடித்த பிறகும் பிடித்தபடியே தரையில் வைக்கச் சொல்லி இரண்டு முறை ஒத்திகை பாருங்கள்.

மார்ச் மாதம்

பத்தாம் வகுப்பு லீடர்கள் போகும் முன் அந்த 40 பக்க நோட்டுகளை வாங்கிவையுங்கள். அடுத்த ஆண்டு லீடருக்கு அதைக் காட்டினால் பயிற்சி வகுப்பே தேவைப்படாது.

பொதுத்தேர்வு எழுதும் ஒவ்வொரு பிள்ளைக்கும், முடிவு வருவதற்கு வெகு முன்பே, துணைத் தேர்வு என்று ஒன்று உண்டு, அதே ஆண்டு தேறிப் பதினொன்றாம் வகுப்பில் சேரலாம் என்று வகுப்பில் எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லுங்கள். முடிவு வரும் மே மாதக் காலையில் பள்ளி விடுமுறையில் இருக்கும். அதனால், தேர்வில் தவறக்கூடும் என்று நீங்கள் நினைக்கும் பிள்ளைகளின் வீட்டு எண்களைக் கைப்பேசியில் முன்பே சேமித்துக்கொண்டு, ஆசிரியர்களுக்குள் ஆளுக்கு ஐந்து என்று பிரித்துக்கொள்ளுங்கள். முதலிடம் வந்தவருக்கு வாழ்த்துச் சொல்வதற்கு முன் அந்த ஐந்து போனையும் முடித்துவிடுங்கள். எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டு லீடரை அனுப்புங்கள், அவனுக்கு வீடு தெரியும்.